ஜடையன் கரைத்த தாடை

ஜடையண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் "பாவம், அப்பாவி மனுஷன்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்ன அப்பாவி? வீட்டில் மகள் உயிரோடு உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருக்க, அவளுக்கு ஆற்றில் எலும்பு கரைத்துவிட்டு, ஈர வேட்டியோடு நேராக வேலைக்கு வந்து நின்ற ஆள் அவர். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும்.

என் பெயர் ஆண்டாள். மைசூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில், கத்தி, கத்திரிக்கோல்களை ஆவியில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்கும் அறை என்னுடையது. அடுத்த அறை மாவு அறை. வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் மாவைக் கலக்கி ஊற்றி, நோயாளியின் பல்வரிசையைக் கல்லாக எடுத்துக் கொடுப்பது ஜடையண்ணன் வேலை. சொந்த ஊர் ஹனூர் பக்கம். பெண்டாட்டி சென்னம்மா காய்ச்சலில் போனபிறகு, கைப்பிள்ளையோடு மைசூருக்கு வந்து கட்டட வேலை பார்த்து, சிமெண்டும் சுண்ணாம்பும் கலக்கிப் பழகிய கையோடு இங்கே அட்டெண்டராகச் சேர்ந்தவர். ஆளின் முகத்தை மறந்துவிடுவார், பல்லை மறக்கமாட்டார். தேவராஜ மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கும்போது யாரோ ஒருவர் சிரித்தால் போதும், "இவரு நம்மகிட்ட கீழ்வரிசை எடுத்தவருங்க அம்மிணி" என்று என் காதில் கிசுகிசுப்பார். என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். மனுஷனுக்கு வேறு வம்பு தும்பு கிடையாது.

மகள் சுசித்ரா. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளம். வீட்டில் இரண்டையும் போட்டுக் கலக்குவாள். பிள்ளைகளுக்கு அவள் கதை சொன்னால் வாசலில் காய்கறிக்காரன்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பான். தொண்ணூற்றேழில் அவளுக்கு வலது பக்கத் தாடை வீங்க ஆரம்பித்தது. முதலில் பல்வலி என்றார்கள். அப்புறம் துப்பட்டாவைக் கன்னத்தோடு சேர்த்துப் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் வகுப்பில் ஒரு பொடிசு அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து அழுதுவிட்டது. அன்றிலிருந்து அவள் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் டாக்டர் உமேஷ் படமெடுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். புற்றுநோய் இல்லை. ஆனால் எலும்புக்குள் இருந்துகொண்டு எலும்பையே தின்கிற கட்டி. அந்தப் பக்கத்துத் தாடை எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோகப் பட்டை வைக்க வேண்டும். குறைவாக வெட்டினால் கட்டி திரும்ப வரும். அதிகமாக வெட்டினால் மோவாய் நிற்காது. முகம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும், பேச்சும் போய்விடும். பேச்சை வைத்துப் பிழைக்கிற பெண் அவள். ஆகவே வெட்டுவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார் உமேஷ்.

எதை வெட்டி ஒத்திகை பார்ப்பது? அதற்குத்தான் பெங்களூரிலிருந்து அந்தப் பிசின் தாடை வந்தது.

பிஸ்கட் அட்டைப்பெட்டியில், பஞ்சு சுற்றி, பஸ்ஸில் வந்தது. தலையைத் துண்டு துண்டாகப் படமெடுத்து அனுப்பினால், அங்கே ஒரு இயந்திரம் திரவப் பிசினை ஒளியால் படலம் படலமாக உறையவைத்து, ஒரு படலத்தின்மேல் இன்னொன்றாக அடுக்கி, அப்படியே எலும்பை எழுப்பிவிடுமாம். நான் நம்பவில்லை. பெட்டியைத் திறந்தபிறகுதான் நம்பினேன். பாகு வெல்லத்தின் நிறத்தில், கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற தாடை. பற்கள் உட்பட. நகத்தால் வருடினால் படலங்கள் வரிவரியாகத் தட்டுப்பட்டன. நேற்றுச் சாயங்காலம் எனக்கு மல்லிகை கிள்ளிக்கொடுத்த பெண்ணின் தாடை, மேசைமேல், தனியாக இருந்தது. அட கடவுளே, உயிரோடிருக்கிறவர்கள் எலும்பை எதற்குப் பார்க்க வேண்டும்?

ஜடையண்ணன் அதைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது பக்கம் சாய்ந்து முளைத்திருந்த ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார்.

"இது சென்னம்மா பல்லுங்க அம்மிணி. சுடுகாட்டுல எலும்பு பொறுக்கறப்போ இந்தப் பல்லு மட்டும் வெடிக்காம உடையாம அப்படியே இருந்துச்சு. நாந்தான் பொறுக்குனேன்."

"சும்மா இருங்க ஜடையண்ணா, அம்மா பல்லு மகளுக்கு வராதா?" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, நானும் குனிந்து அந்தப் பல்லைப் பார்த்தேன்.

பிசின் தாடை ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்த எடுப்பில் வெட்ட முடியாது. அதனால் முதலில் அதற்கு ரப்பர் அச்சு எடுத்து, வெள்ளைக் கல்மாவில் நகல்கள் வார்த்து, நகல்களை வெட்டிப் பழக வேண்டும், எந்த வெட்டு சரி என்று தெரிந்தபிறகு பிசின் தாடையில் ஒருமுறை, அதற்கப்புறம் சுசித்ராவிடம். இதுதான் உமேஷின் ஏற்பாடு. நகல் வார்ப்பதும், வெட்டும்போது இடுக்கியில் வைத்துப் பிடிப்பதும் மாவு அறைக்காரர் வேலை.

"ஜடையா, இது உன் மகள். இதற்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன்" என்று உமேஷ் கன்னடத்தில் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேண்டாமுங்க. எம்பிள்ளைய இன்னொருத்தன் கையில எப்படிக் கொடுக்கறது? நானே புடிச்சுக்கறேன்."

பிடித்துக்கொண்டார். பென்சிலால் கோடு போட்டு, ஆபரேஷனில் பயன்படுத்தும் அதே சின்ன ரம்பத்தால் வெட்டினார்கள். முதல் நகலை நேராக வெட்டினார்கள். மோவாய்ப் பக்கம் பிடிமானமில்லாமல் தொங்கிவிட்டது. அடுத்ததில் கோட்டைத் தள்ளிப் போட்டார்கள். வெட்டிய இடத்தில் பார்த்தால் கட்டியின் குழி மிச்சம் இருந்தது. அப்புறம் படிக்கட்டு மாதிரி வெட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக மகளின் தாடை ஜடையண்ணன் கையில் இரண்டாகிக்கொண்டே வந்தது. சூடேறாமல் இருக்க அவர் ஒரு கையால் தண்ணீர் சொட்டுவிடுவார். கண் மட்டும் எதிர்ச்சுவரில் விசிறியின் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிடி ஒருமுறைகூடத் தளர்ந்ததில்லை. ரம்பச் சத்தம் என் அறைவரை வரும். காதை அடைத்துக்கொண்டாலும் பல்லில் கேட்டது.

படிக்கட்டு வெட்டுத்தான் சரியென்று முடிவானது. பிசின் தாடையின் வீக்கத்தை ராவிவிட்டு, அதன்மேல் உலோகப் பட்டையை அச்சாக வளைத்துக்கொண்டார்கள். பிறகு பிசினில் ரம்பம் வைத்தார்கள். பிளாஸ்டிக் வளையல் எரிந்த மாதிரி ஒரு நாற்றம். பாதி வெட்டில் ஓரம் ஏடு ஏடாகப் பெயர்ந்து உதிர்ந்தது. உமேஷ் பதறி ரம்பத்தை எடுத்துவிட்டார். வெட்டில் தப்பா, பொருளில் தப்பா? நகலில் திரும்ப அதே வெட்டை வெட்டிப் பார்த்தார், உதிரவில்லை. படலம் படலமாக அடுக்கியது என்பதால் படலத்தோடு பெயர்கிறது, எலும்பு இப்படிப் பெயராது என்று எல்லோருக்கும் நிம்மதி. ரம்பத்தைப் படலங்களுக்குக் குறுக்கே திருப்பிப் பிடித்ததும் சுத்தமாக வெட்டு விழுந்தது.

எல்லோருக்கும் என்றா சொன்னேன்? ஜடையண்ணனைத் தவிர. அவர் உதிர்ந்த ஏடுகளை விரல்நுனியில் ஒற்றி எடுத்துக்கொண்டே கேட்டார்:

"எம்பிள்ளையும் இப்படித்தான் ஏடு ஏடா வருமுங்களா?"

"இல்லை ஜடையா, இது வெறும் மாதிரிதான். நிஜம் வேறு" என்றார் உமேஷ். அந்தப் பதில் அவருக்குள் போகவில்லை என்பது எனக்கு மறுநாளே தெரிந்தது. "சோறு திங்கறப்போ பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியலீங்க. தோலுக்குள்ள வரிவரியாத் தெரியுது. மெல்லறப்போ ரம்பச் சத்தம் கேக்குது" என்றார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பிசின் தாடைக்குத் துண்டு போர்த்திவிட்டுப் போக ஆரம்பித்தார். காலையில் வந்து துண்டை எடுக்கும்போது "எந்திரி சாமி" என்பார். அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்பதைவிட நான் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிக்கொண்டு போயிருக்கலாம்.

உடைந்த வார்ப்புகளை எல்லாம் மாவு அறை மூலையில் இருக்கும் தகர டிரம்மில் போடுவது வழக்கம். முனிசிபாலிட்டி வண்டி அள்ளிக்கொண்டு போகும். ஆபரேஷனுக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஜடையண்ணன் காலையில் தாமதமாக வந்தார். வேட்டி இடுப்புவரை ஈரம். தலையிலும் ஈரம்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"பச்சிமவாகினிக்குங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் காவிரிக் கரை அது. மைசூர்க்காரர்கள் செத்தவர்களின் எலும்பைக் கரைக்கிற இடம்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. அறுத்த தாடையெல்லாம் சேர்த்து வெள்ளத் துணியில முடிஞ்சு வெச்சிருந்தனுங்க. அதான் கரைச்சுட்டு வந்தேன்."

"ஐயோ, அது மாவய்யா! நீங்களே கலக்குன மாவு!"

"உங்களுக்கு மாவு." அவர் கோபப்படவில்லை. "குப்பை வண்டியில எப்படிங்க போட்டுவிடறது? நாய் இழுக்கும். எலும்புன்னா ஆத்துலதான போடோணும்? சென்னம்மாள விட்ட அதே படித்துறைதான். தண்ணி பாலாட்டம் வெளுத்துப்போச்சுங்க."

தலையிலடித்துக்கொண்டேன். உயிரோடிருக்கிற பெண்ணுக்குக் கடைசிக் காரியத்தைச் செய்துவிட்டு வந்து நிற்கிறோம் என்பது அந்த மனுஷனுக்கு அதுவரை உறைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி, பிள்ளைக்குத் தெரிய வேண்டாமுங்க" என்றார்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அதே படித்துறையில் வேறொரு சாவுக்காக வந்து தலை மழித்துக்கொண்டு நின்றிருந்தான் சென்னிமலை. ஜடையண்ணனின் அக்கா பழனாத்தாளின் மருமகன். மாமன் வெள்ளை முடிச்சோடு தண்ணீரில் இறங்குவதைப் பார்த்திருக்கிறான். அந்த இடத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. பொண்ணுக்குத் தாடையில் ஆபரேஷன் என்று ஊரில் ஏற்கெனவே தெரியும். மாமனுக்கு வேறு பிள்ளையும் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தவன் ஹனூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஜடையண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அவர் பால் வாங்கப் போயிருந்தார். நானும் சுசித்ராவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு டெம்போ வந்து நின்றது. நிற்கும்போதே ஒப்பாரி.

"என் தங்க ரதமே! கல்யாணச் சீரு கொண்டாற வேண்டிய வாசலுக்கு இப்படிக் கோடிச் சீலையோட வந்து நிக்கறனே! எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாம, எரிச்சு, கரைச்சு, எல்லாத்தையும் முடிச்சுப்போட்டானே பாவி!"

பழனாத்தாளின் குரல். பின்னால் ஏழெட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நான் எழுவதற்குள் சுசித்ரா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"அத்தே! யாருக்கு அத்தே, என்ன ஆச்சு?" என்று அவளும் பதறி அழ ஆரம்பித்தாள்.

அதற்கு யார் பதில் சொல்வது? தூக்கிய கை தூக்கியபடி நின்றது. பழனாத்தாள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கோடிச் சீலை கையிலிருந்து நழுவி வாசற்படியில் விழுந்தது. பின்னால் நின்ற ஒருத்தி "கெரகமே!" என்று அலறிக்கொண்டு டெம்போவுக்கு ஓடினாள். சுசித்ராவின் முகத்திலிருந்து துப்பட்டா விலகியிருந்தது. வீங்கிய அந்தக் கன்னத்தைப் பகலில் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? அவள் அத்தையைத் தொடக் கையை நீட்டினாள். அத்தை பின்வாங்கினாள்.

"நீ... நீயா கண்ணு?"

"மாமா கரைக்கறத எங்கண்ணால பாத்தனுங்க" என்று சென்னிமலை முனகினான்.

அந்த நேரத்துக்குச் சரியாகப் பால் பாக்கெட்டோடு ஜடையண்ணன் தெருமுனையில் வந்தார். எல்லோர் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கிற சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது. நடுத்தெருவில் நின்று, மகள் கேட்க, எல்லாவற்றையும் சொன்னார். அறுத்தது, முடிந்து வைத்தது, கரைத்தது.

யாரும் உள்ளே வரவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. சாவுக்கு வந்தவர்கள் திரும்பினால் தலைமுழுக வேண்டும். இங்கே சாவில்லை, ஆனால் எலும்பு கரைத்தாயிற்று. "இப்ப நாங்க தலைக்குத் தண்ணி ஊத்திக்கோணுமா, வேண்டாமாடா? சொல்லுடா ஜடையா!" என்று தம்பியைப் போட்டு உலுக்கினாள் பழனாத்தாள். விழுந்த சீலையைச் சுருட்டிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், வந்த டெம்போவிலேயே போய்விட்டார்கள். வேறு நேரமாயிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சுசித்ரா கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு சிரிக்க விடவில்லை. தன் ஒப்பாரியைத் தானே கேட்டவள் அவள்.

அன்றிலிருந்து அவள் பொட்டு வைக்கவில்லை. விளக்கேற்றவில்லை. பூ வாங்கிக்கொண்டு போனால், "யாருக்கு ஆண்டாளக்கா?" என்பாள். ஒரு பக்கத் தாடை எப்போதும் தண்ணீரில் கிடக்கிற மாதிரி ஜில்லென்று இருக்கிறது என்பாள். தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றாள். ஜடையண்ணன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"பேடப்பா, வேண்டாம், விட்டுடு. என் எலும்பைத்தான் ஆத்துல விட்டுட்டயே, இனி எதை அறுக்கப் போறாங்க?"

அதன்பிறகு அவர் தன் வீட்டுக்குள் போவதற்கே வாசலில் நின்று இருமிவிட்டுப் போனார், யாரோ அந்நியர் வீட்டுக்குப் போகிற மாதிரி. இந்தப் பாவத்தைத் திருப்ப முடியுமா என்று கேட்கப் பச்சிமவாகினிக்கே ஒருநாள் போனார். அங்கே காரியம் செய்து வைக்கிறவர், "கரைக்கத்தான் எனக்குத் தெரியும். கரைச்சதைத் திரும்பக் கூப்பிடற வழி எனக்கு யாரும் சொல்லித்தரலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆபரேஷன் நாள் வந்தது, போனது. தாமதமானால் கட்டி வளர்ந்துவிடும், தாடையின் உரு மாறிவிடும், அப்புறம் பார்த்த ஒத்திகையும் வளைத்த பட்டையும் எதற்கும் உதவாது என்று உமேஷ் என்னிடம் சத்தம் போட்டார். என்னிடம் சத்தம் போட்டு என்ன பிரயோஜனம்? அதையே நான் போய் அவளிடம் சத்தம் போட்டுச் சொன்னேன்.

"ஏ பெண்ணே, செத்துப்போயிட்டேன்னு உட்கார்ந்திருக்கியே, செத்தவளுக்குப் பல் வலிக்குமா? தூங்காம முனகறியே, அது யாரு?"

அவள் என்னை முறைத்தாள். கோபம் வந்ததே பெரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அவளாகவே மாவு அறைக்கு வந்தாள். "அதைக் காட்டு" என்றாள் அப்பாவிடம். அவர் துண்டை விலக்கினார். இரண்டாக வெட்டிய பிசின் தாடை. சுசித்ரா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அதன் சாய்ந்த பல்லை விரலால் தொட்டாள். அதே நேரம் வாய்க்குள் நாக்கால் தன் பல்லைத் தொடுவது கன்னத்தில் தெரிந்தது. வெட்டுவாயை வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தாள். கட்டி இருந்த இடம் வெறும் பொந்தாக, சுவர் முட்டையோடு போல மெலிந்து இருந்தது.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையேப்பா. நான்னு நினைச்சேன். இது என்னைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கு."

பிறகு, "இன்னொண்ணு வார்த்துக் கொடு" என்றாள்.

அவர் வார்த்துக் கொடுத்தார். அது இறுகும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். ரம்பத்தைக் கேட்டாள். உமேஷ் வாசலில் வந்து நின்றவர் தடுக்கவில்லை. ஜடையண்ணன் இடுக்கியைத் தேடினார். "வேண்டாம், உன் கையாலே பிடி" என்றாள். அவர் பிடித்தார். கண் வழக்கம்போல விசிறி ஸ்விட்சுக்குப் போனது.

"அப்பா, இங்க பாரு. என்னைப் பாரு."

அவர் பார்த்தார். அவள் கோட்டின்மேல் ரம்பத்தை வைத்து இழுத்தாள். கோணல்மாணலாகத்தான் வெட்டினாள், டீச்சர்தானே. மாவுத்தூள் அவர் முழங்கைவரை பறந்தது. துண்டு கழன்று மேசையில் விழுந்தது. ஜடையண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. அவள் துண்டை எடுத்தாள். அவர் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொள்ள வெள்ளைத் துணியோடு கையை நீட்டினார்.

"இது சுண்ணாம்புப்பா" என்று சொல்லிவிட்டு, மூலைக்கு நடந்துபோய்த் தகர டிரம்மில் போட்டாள். டங்கென்று சத்தம். "என்னை அறுக்கச் சொல்லு."

ஆபரேஷன் ஒத்திகை பார்த்தபடியே நடந்தது. எலும்பு ஏடு ஏடாகப் பெயரவில்லை. பட்டை ராவாமல் திருத்தாமல் அப்படியே உட்கார்ந்தது. மோவாய் நின்றது. கீழுதட்டில் ஒரு பக்கம் மட்டும் மரத்தே போய்விட்டது. காபி குடித்தால் வழிவது அவளுக்குத் தெரியாது, துடைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கொஞ்ச காலம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கதையில் சிங்கம் பேசும் இடத்தில் மரத்த உதட்டால் உறுமுவாள். பிள்ளைகளுக்கு அந்தச் சிங்கம் முன்னைவிடப் பிடித்துப்போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வெட்டி எடுத்த நிஜ எலும்பு இருக்கிறதே. சோதனைக்கு எடுத்தது போக மிச்சத்தை எரிக்கச் சொல்லி அட்டெண்டரிடம் கொடுப்பார்கள். ஜடையண்ணன் எரிக்கவில்லை. ஒருநாள் மாவு மூட்டைக்குப் பின்னால் எதையோ தேடப் போய், ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்த்தேன். மருந்துத் தண்ணீரில், வெளிறி, ஒரு கடைவாய்ப் பல்லோடு, அது மிதந்துகொண்டிருந்தது.

"ஜடையண்ணா, இதென்ன கூத்து!"

"எங்க கொண்டுபோறதுன்னு தெரியலீங்க அம்மிணி." திருடன் பிடிபட்ட மாதிரி நின்றார். "இது மாவு இல்லீங்களே, குப்பையில போட. ஆத்துக்கு ஒருக்கா போயே பட்டது போதும். உசுரோட இருக்கறவங்க எலும்புக்கு ஒரு எடம் இருக்குதுங்களா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

நான் என்னத்தைப் படித்தேன். ஜாடி அங்கேயே இருந்தது. அவர் காலையில் வந்ததும் மூட்டைக்குப் பின்னால் குனிந்து ஒருமுறை பார்ப்பார். பார்த்துவிட்டுத்தான் மாவைத் தொடுவார். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனாலும் அவர் இல்லாத நேரம் அந்த அறைக்குத் தனியாகப் போகமாட்டேன். தெருவில் சுசித்ரா சிரித்துக்கொண்டே எதிரே வருவாள். எனக்கு ஜாடி ஞாபகம் வரும். இவளா அவள், அதுவா இவள் என்று மனசு தடுமாறும். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

தொண்ணூற்றொன்பதில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மாவு அறையில் கிண்ணம் உருளுகிற சத்தம் கேட்டு ஓடினேன். ஜடையண்ணன் தரையில் கிடந்தார். மாரடைப்பு. கலக்கிய மாவு அவர் விரல்களில் இறுகிக்கொண்டிருந்தது.

வீட்டில் கிடத்தியிருந்தபோது நான் பையில் ஜாடியைக் கொண்டுபோய், சுசித்ராவைத் தனியே கூப்பிட்டுக் கொடுத்தேன். என்னிடம் இருந்தால் நான் பைத்தியமாகிவிடுவேன். அவள் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாக்கு கன்னத்துக்குள் அந்த வெற்றிடத்தைத் துழாவியது.

"இத்தனை நாளும் இதைப் பார்த்துட்டா இருந்தார்?"

"தினமும்."

சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்று பெரியவர்கள் தடுத்தார்கள். "எனக்கு அவர் போனார், அவருக்கு நான் போறேன்" என்றாள். போனாள். எரு அடுக்கி மூடுவதற்கு முன்னால் ஜாடியிலிருந்து எலும்பை எடுத்து அப்பாவின் கைக்குள் வைத்தாள். அந்தக் கை பிடித்தால் நழுவாது, அது எனக்குத் தெரியும்.

மறுநாள் எலும்பு பொறுக்கியபோது எது அவருடையது, எது அவளுடையது என்று பிரிக்க முடியவில்லை. பிரிக்க யாரும் முயலவும் இல்லை. அதே வெள்ளைத் துணி, அதே பச்சிமவாகினி, அதே படித்துறை. பழனாத்தாளும் வந்திருந்தாள். சுசித்ரா தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்றாள். காரியம் செய்து வைப்பவர் மேலே நின்று கேட்டார்: "பெயர் சொல்லுங்க."

"ஜடையன்."

அவர் மந்திரத்தை ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். மரத்த உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"சுசித்ரா" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அவள் முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள். இந்தமுறை ஆறு வெளுக்கவில்லை. வந்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

பழனாத்தாள் சேலையோடு படியிறங்கிப் போய், இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி, முதலில் மருமகள் தலையில் ஊற்றினாள்.

"அன்னிக்கி உம்பட வாசல்ல இருந்து போனவ இன்னிவரைக்கும் தலைமுழுகாமத்தான் இருந்தேன் சாமி. குளிச்சா நீ செத்ததாயிருமோன்னு பயந்துட்டு, கழுத்துக்குக் கீழதான் தண்ணி ஊத்திக்குவேன். வா, இப்ப ரெண்டு பேரும் முழுகிக்கலாம்."